நான் கேட்டு வாங்கிய இணைப்புகள்

பேருந்தில் இறங்க வேண்டிய இடம் வந்தும் மணியை அழுத்தக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அழுத்தும்வரை உட்கார்ந்திருந்து, அடுத்த நிறுத்தத்திலிருந்து திரும்பி நடந்து வருகிறவள் நான். ஐம்பத்தைந்து வயதாகியும் அது மாறவில்லை. அப்படிப்பட்ட நான் முப்பது வயதில், முன்பின் தெரியாத மனிதர்களுக்கு முப்பத்தொரு கடிதங்கள் எழுதி, இன்னதைச் செய்யுங்கள் என்று கேட்டேன். இருபத்தாறு பேர் செய்தார்கள். அதனால் ஒருவருடைய பல வருடப் படிப்பு கெட்டுப்போக இருந்தது. இன்னொருவர் தான் செய்யாத காரியத்துக்காகத் தலைகுனிந்தார். இதை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. மலேசியாவில், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு லோரி கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். சரக்கு குறைந்தது, ஆட்களையும் குறைத்தார்கள். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவளுக்கு வேறு வேலை உடனே கிடைக்கவில்லை. நான்கு மாதம் கிள்ளானில் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த பிறகு, தமிழ்ப் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் பார்த்தேன். தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள ஆள் தேவை, பிரிக்ஃபீல்ட்ஸ் என்று இருந்தது. என்ன வேலை என்று போடவில்லை.

அது ஒரு பூக்கடைக்கு மேலே, முதல் மாடியில் ஒரு அறை. கீழே மாலை கட்டிக்கொண்டிருப்பார்கள். சன்னலுக்கு வெளியே பழைய ரயில்வே நிலத்தில் புது ஸ்டேஷனுக்காகப் பைலிங், அதாவது அஸ்திவாரத் தூண், இடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் மேசை மேல் இருக்கும் பேனா கொஞ்சம் நகரும். அறையில் இரண்டு கணினிகள், ஒரு மோடம், சுவர் நிறையக் கட்டம் போட்ட தாள்.

அறைக்குச் சொந்தக்காரர் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர். நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழையே எங்களிடமும் பேசினார். நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம்.

"கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டார்.

"டைப்பிங்தான் தெரியும், மிஸ்."

"தமிழ்?"

"வாசிப்பேன், மிஸ்."

"அது போதும். கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆக்கள் நிறையப் பேர் வந்திட்டுப் போட்டினம். தமிழ் வாசிக்கிற ஆள்தான் கிடைக்கேல்ல."

மிஸ் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி இணையத்தைப் பற்றியது. கணினியைப் பற்றி அல்ல. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை 'இங்கே போய்ப் பாருங்கள்' என்று காட்டுகிறது அல்லவா, அந்த இணைப்புகளைப் பற்றி. முதல் நாள் எனக்கும், என்னோடு வேலைக்குச் சேர்ந்த, சுங்கை வேயிலிருந்து வந்த ஒரு அக்காவுக்கும் அவர் அதை விளக்கினார்.

"ஆரும் சொல்லிச் செய்யேல்ல. இதுக்கு ஒரு தலைவர் இல்ல, சட்டம் இல்ல. ஆளாளுக்கு ஒரு பக்கம் செய்து, தனக்குப் பிடிச்ச பக்கத்துக்கு லிங்க் போடினம். ஆனாலும் எல்லாத்தையும் சேத்துப் பாத்தா ஒரு வடிவம் வருது. ஆறு மாதிரி, காடு மாதிரி. ஆத்தைப் படிக்க ஒரு படிப்பு இருக்கு. காட்டைப் படிக்க இருக்கு. இதைப் படிக்க இன்னும் ஒரு படிப்பு இல்ல."

அந்தப் படிப்பே இல்லை என்பதுதான் மிஸ்ஸுக்குச் சிக்கல். இதெல்லாம் ஒரு துறையா, ஊரில் உள்ளவர்கள் பொழுதுபோகாமல் செய்த பக்கங்களை எண்ணுவது ஆராய்ச்சியா என்று அவருடைய பேராசிரியர் கேட்டிருந்தார். ஐந்து வருடம் ஓடிவிட்டது. கொடுத்த கடைசி ஒரு வருடத்துக்குள் ஆய்வேட்டை முடித்துக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. மிஸ் இதை எங்களிடம் மறைக்கவில்லை. "இந்த வருசம் முடிக்காட்டி எல்லாம் குப்பைக்குத்தான்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்.

வேலை இதுதான். மிஸ் பட்டியல் போட்டு வைத்திருந்த நூற்றுச்சொச்சம் தமிழ்ப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அதிலிருந்து எந்தெந்தப் பக்கத்துக்கு இணைப்பு இருக்கிறது என்று பார்த்து, சுவரிலிருந்த தாளில் கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட வேண்டும். இடமிருந்து வலம் போகும் வரிசை, யார் காட்டுகிறார் என்பது. மேலிருந்து கீழ் வரும் வரிசை, யாரைக் காட்டுகிறார் என்பது. முதல் சுற்று நீலப் பேனா. ஆறு மாதம் கழித்து இரண்டாம் சுற்று பச்சைப் பேனா. இதைச் செய்ய அப்போதே மென்பொருள் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் தமிழ்ப் பக்கம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துருவில் இருக்கும். எழுத்துருவை இறக்கிப் போடாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும்தான் தெரியும். மெஷினுக்கு அது தமிழா குப்பையா என்று தெரியாது. அதற்குத்தான் நாங்கள்.

மிஸ் ஒரே ஒரு விதி சொன்னார்.

"பாக்கிறது மட்டும்தான் உங்கட வேலை. பக்கத்துக்கு வாற ஆக்கள் எழுதுற விருந்தினர் புத்தகத்தில நீங்க எழுதக் கூடாது, ஈமெயில் போடக் கூடாது. ரோட்டோரம் குடை பிடிச்சுக்கொண்டு, போற வாற கார், காடி எல்லாத்தையும் எண்ணுறவங்களப் பாத்திருக்கிறீங்கதானே? அவங்க கையக் காட்டி ஒரு காடிய நிப்பாட்டினாப் போச்சு. எண்ணினது எல்லாம் வீண்."

"நிப்பாட்டினா காடி அவங்க மேலயே ஏறிடும், மிஸ்" என்றார் அக்கா.

அக்கா அப்படித்தான். தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் நின்று வேலை பார்த்தவர். பேசாமல் அவருக்கு வேலை ஓடாது. திறக்கிற பக்கத்தையெல்லாம் சத்தமாக வாசிப்பார். "இந்த ஆளப் பாரேன் தங்கச்சி, தன் படத்த பத்து எடத்துல போட்டிருக்கான். கோயில் கோபுரம் ஒரு எடத்துலதான் இருக்கு." நான் சிரிப்பேன், அவ்வளவுதான். மத்தியானம் தெருவோர ஒட்டுக்கடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தால்கூட, எனக்கு என்ன வேண்டும் என்று நானாகச் சொல்ல மாட்டேன். அக்காவே கேட்டு வாங்கி வருவார்.

முதல் சுற்றின் மூன்றாவது மாதம், சமையல் குறிப்புப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். நார்வேயில் ஒரு சின்ன ஊரில் இருக்கும் ஒரு தமிழ் அம்மாவுடையது. நீலப் பின்னணி, மேலே ஒரு குத்துவிளக்கு. அந்தக் குளிர் நாட்டில் எந்த மாவை எதோடு சேர்த்தால் இடியாப்பம் உடையாது, முருங்கைக்கீரைக்குப் பதில் எதைப் போடலாம் என்று பொறுமையாக எழுதியிருந்தார். கடைசியில் 'என் நண்பர்கள்' என்று ஒரு பட்டியல். நாற்பதுக்கு மேல் இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி. இவர் நல்ல கதைகள் எழுதுகிறார், இந்தத் தம்பி கோயில்களின் படங்களைச் சேர்க்கிறார், இவருடைய பக்கம் மெதுவாகத்தான் வரும், காத்திருங்கள் என்று.

நான் அவருடைய வரிசையில் குறி போட்டுக்கொண்டே போனேன். கை வலித்தது. பிறகு மேலிருந்து கீழ் வரும் அவருடைய வரிசையைப் பார்த்தேன். அது காலியாக இருந்தது. நாற்பது பேரில் ஒருவர்கூட அவரைத் திரும்பக் காட்டவில்லை.

இது எனக்கு ஏன் அவ்வளவு உறுத்தியது என்று அப்போது யோசிக்கவில்லை. எங்கள் வீட்டு வரிசையில் தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் தட்டில் பலகாரம் போகும். தட்டு ஒருநாளும் காலியாகத் திரும்பி வராது. நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மா, தங்கள் ஹரிராயாப் பெருநாள்வரை காத்திருக்காமல் இரண்டு வாழைப்பழமாவது வைத்துக் கொடுப்பார். சீன ஆன்டி ஆரஞ்சு வைப்பார். ஒன்றுமே இல்லாத வீட்டில் ஒரு பிடி சீனி போட்டுக் கொடுப்பார்கள். அம்மாவுக்கு யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது பெரிதில்லை, காலித் தட்டு மட்டும் வந்துவிடக் கூடாது. இந்த அம்மா நாற்பது வீட்டுக்குத் தட்டு அனுப்பியிருக்கிறார், ஒரு தட்டும் திரும்பவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு அக்கா சாப்பிடக் கீழே போன நேரத்தில், இலவச ஈமெயில் ஒன்று திறந்து, சிங்கப்பூரில் கோயில் படங்கள் சேர்க்கும் அந்தத் தம்பிக்கு எழுதினேன். எழுத்துருச் சிக்கலால் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். 'நார்வேயில் ஒரு அம்மா உங்கள் பக்கத்தைப் பற்றி நல்லபடியாக எழுதி, இணைப்பும் கொடுத்திருக்கிறார். நீங்கள் அவருடையதைப் போடவில்லை. பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். போட்டால் சந்தோஷப்படுவார்.' கீழே 'ஒரு வாசகி, மலேசியா' என்று போட்டேன்.

மிஸ் சொன்ன விதி எனக்கு மறந்துபோகவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரே ஒரு கடிதம்தானே என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. மன்னிக்கவும், கவனிக்கவில்லை, போட்டுவிட்டேன், நன்றி என்று. திறந்து பார்த்தேன். போட்டிருந்தார்.

அன்று ரயிலில் கிள்ளான்வரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலி தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்டு ஒருவர் ஒன்றைச் செய்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. குரல் நடுங்காது. அடுத்த நாள் இன்னொருவருக்கு எழுதினேன். கனடாவில் ஒருவர், சுவிட்சர்லாந்தில் ஒருவர், மதுரையில் ஒரு மாணவர். பாதிக்கு மேல் அந்த அம்மாவுக்காக. பிறகு, தட்டு திரும்பாத வேறு சிலருக்காகவும் எழுதினேன். ஆரம்பத்தில் தயங்கி எழுதியவள், போகப் போக, 'இது முறையா?' என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டேன். வெளியே கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கத் தெரியாது. அந்த அறையில் ஒரு நாட்டாமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். நல்ல காரியம்தான் செய்கிறேன் என்றும் நினைத்தேன். இப்போது நினைத்தால், அந்த அம்மாவைவிட எனக்கு அந்தப் பதில்கள்தான் முக்கியமாக இருந்தன. அதுதான் அதிகமாகக் கூசுகிறது.

இரண்டாம் சுற்று முடிந்த அன்று மிஸ் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். பச்சைக் குறிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இங்க பாருங்க. நீலச் சுத்தில இது எதுவும் இல்ல. இப்ப திருப்பிக் காட்டினம். இங்கிலீஷ் பக்கங்கள எடுத்தா, சின்னது எல்லாம் பெரிசைக் காட்டும், பெரிசு திரும்பியே பாக்காது. எங்கட ஆக்கள் வேற மாதிரி! ஏன் எண்டு நினைக்கிறீங்க?"

"நம்மாளுங்க நல்லவங்க, மிஸ். நெட்ல மட்டும்லா" என்றார் அக்கா.

மிஸ் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. நீங்கதானே எல்லாத்தையும் வாசிச்சது."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறையில் மூன்று பேர்தான். சொல்லவில்லை. அதோடு நிற்காமல், தட்டைப் பற்றிச் சொன்னேன். எங்கள் வரிசையில் தட்டு காலியாகத் திரும்பாது, மிஸ், அது மாதிரி இருக்கலாம் என்றேன். மிஸ் பேனாவை எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. செய்த தவறுக்கு விளக்கமும் நானே கொடுத்தேன்.

அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு. எங்கள் இருவரையும் வரச் சொன்னார். பின் வரிசையில், ஆளுக்கு ஒரு கறிபாப் பலகாரத்தோடு உட்கார்ந்தோம். திரையில் புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு படம். முன்பு கேலி செய்த பேராசிரியர் முன் வரிசையில் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மிஸ் ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது. ஆனால் ஒரு தட்டின் படம் வந்ததும் முழுதும் புரிந்தது. இந்த விளக்கம் என் உதவியாளர் சொன்னது என்று என்னைக் கைகாட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் குனிந்துகொண்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

"எந்திரிச்சு ஒரு கும்பிடு போடேன் தங்கச்சி" என்று அக்கா இடித்தார். "மினிஸ்டர் வந்தாகூட இப்படித் தட்ட மாட்டாங்க."

மீதிக் கறிபாப்பைத் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். பேராசிரியர் எழுந்து மிஸ்ஸிடம் கைகொடுத்தார். ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஆய்வேட்டுக்குப் படம் ஒன்று எடுப்பதற்காகச் சமையல் பக்கத்தைத் திறந்த மிஸ் எங்களைக் கூப்பிட்டார். குத்துவிளக்குக்கு மேலே புதிதாக ஓர் அறிவிப்பு. எனக்கு அது இன்றும் மனப்பாடம்.

'எனக்காக ஆரோ ஒருவர் எல்லோரிடமும் இணைப்புக் கேட்டுத் திரிகிறார் என்று அறிகிறேன். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லவும் இல்லை. பிடித்ததால்தான் மற்றவர்களின் பக்கங்களைப் போட்டேன், திருப்பித் தருவார்கள் என்று அல்ல. சங்கடத்துக்காகப் போட்டவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.'

அதற்குக் கீழே விருந்தினர் புத்தகத்தில் யாரோ எழுதியிருந்தார். 'உங்கள் தூதர் மலேசியாவிலிருந்து வந்தார். கொடுத்துவிட்டேன். இப்போது திருப்திதானே அம்மா?' பின்னால் ஒரு சிரிக்கும் முகம்.

மிஸ் நாற்காலியைத் திருப்பினார். திருப்பி அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, நீங்களா?"

"நானா? ஏன் மிஸ் என்னையே பாக்குறீங்க?"

"மலேசியா எண்டு போட்டிருக்கு. உங்களுக்குக் கதைக்காம இருக்கேலாது. அதுதான் கேட்டன்."

"வாய் பெருசா இருந்தா கையும் நீளும்னு நெனச்சிட்டீங்க. அந்தப் பிள்ளைய மட்டும் கேக்க மாட்டீங்க."

"அவ செய்ய மாட்டா" என்றார் மிஸ்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், இருவருக்கும் நடுவில். வெளியே பைலிங் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் அடுத்த இடிக்கும் நடுவில் ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். 'சொல்லேன், நான் இல்லைன்னு நீயாவது சொல்லேன்' என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்க மறந்துவிட்டார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் யாருடனும் பேசவில்லை. அது எங்கள் வீட்டில் அதிசயம் இல்லை என்பதால் அம்மாவும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாக்சிக் வீட்டுத் தட்டு எங்கள் அடுப்படியில் இருந்தது. "அதுல நாலு வடைய வச்சுக் குடுத்துட்டு வா" என்றார் அம்மா. நான் தட்டை எடுத்துக்கொண்டு கதவுவரை போய், திரும்பி வந்து வைத்துவிட்டேன். "நீங்களே குடுங்கம்மா." அம்மா முணுமுணுத்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை ரயிலில் நாலு வரி தயார் செய்துகொண்டு போனேன். மாடி ஏறியதும் நாலும் மறந்துவிட்டன.

"மிஸ், அது நான்தான்."

"எது?"

"கடிதம். எல்லாம்."

மிஸ் முதலில் நம்பவில்லை. அக்காவைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்தார். நான் ஈமெயிலைத் திறந்து காட்டினேன். எல்லாவற்றையும் அச்செடுக்கச் சொன்னார். முப்பத்தொரு தாள். ஒவ்வொன்றாக வாசித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பாதியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்க" என்றார். கேலி இல்லை, உண்மையாகத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"எது எது உங்களால வந்தது எண்டு எனக்குத் தெரியாது. நீங்களே வட்டம் போடுங்க."

ஸ்டூலில் ஏறி, கடிதங்களைப் பார்த்துப் பார்த்து, பச்சைக் குறிகளைச் சுற்றி வட்டம் போட்டேன். இருபத்தாறு. மிஸ் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். முடிந்தபோது, திருப்பிக் காட்டுகிற புதுப் பச்சைக் குறிகளில் வட்டம் இல்லாமல் எட்டுதான் மிச்சமிருந்தன. எட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது எனக்கே தெரிந்தது. மற்றபடி எங்கள் பக்கங்களும் எல்லா இடத்தையும் போலத்தான். சின்னது பெரியதைக் காட்டியது. பெரியது திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தத் தட்டுக் கதை? அதாவது உண்மையா?"

"உண்மை, மிஸ். எங்க வரிசையில அப்படித்தான்."

மிஸ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இணையத்தைப் படிக்கிறன் எண்டு நினைச்சன். உங்கட வீட்டைப் படிச்சிருக்கிறன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அழவில்லை. அழ எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

வேலையை விட்டுப் போய்விடுகிறேன் என்றேன்.

"போறது லேசு. அக்காவிட்ட ஆர் சொல்லுவினம்? அந்த அம்மாவிட்ட ஆர் சொல்லுவினம்?"

அந்த அம்மாவின் விருந்தினர் புத்தகத்தைத் திறந்தேன். கை விசைப்பலகை மேல் இருந்தது, எழுதவில்லை. "இப்ப தொடலாமா, மிஸ்?" என்று கேட்டேன்.

"இப்ப தொடத்தான் வேணும்."

எழுதினேன். கடிதங்களை எழுதியது நான், அந்த அம்மாவுக்கு என்னைத் தெரியாது, அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, அவரைச் சிறுமைப்படுத்தியதற்கு எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். இந்தத் தடவை 'ஒரு வாசகி' என்று போடவில்லை. என் பெயர், அப்பா பெயர், கிள்ளான். என் முழுப் பெயரை நானாக ஒரு பொது இடத்தில் எழுதியது அதுதான் முதல் முறை.

மறுநாள் சுங்கை வேக்குப் போய், அக்காவின் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு, அவர் வீட்டு வாசலில் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. துணி எடுக்க வெளியே வந்தவர்தான் பார்த்தார். சொன்னேன். கேட்டுக்கொண்டே துணியை மடித்தார்.

"ஊமைன்னு நெனச்சேன் உன்ன. உனக்கு இதுதான் வேணும்னு மத்தவங்ககிட்ட சொல்லி ஒரு வருசம் சோறு வாங்கிக் குடுத்தேன். நீ முப்பத்தொரு பேருக்கு லெட்டர் போட்டிருக்க."

"மன்னிச்சிருங்கக்கா."

"லெட்டர் போட்டது கெடக்கட்டும். வெள்ளிக்கிழமை பக்கத்துலதான நின்ன."

நான் பாத்திரத்தை நீட்டினேன். பாத்திரத்தை வாங்கித் திறந்து பார்த்தார். கழுவியது மட்டும்தான், உள்ளே ஒன்றும் வைக்காமல் கொண்டு போயிருந்தேன். இத்தனையும் நடந்த பிறகு, அதுகூட எனக்குத் தோன்றவில்லை. அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். ஆனால் அடுத்த வாரம் வேலைக்கு வந்துவிட்டார். மிஸ் நேரில் போய்க் கூப்பிட்டிருந்தார்.

மிஸ் பேராசிரியரிடம் தானே போய்ச் சொன்னார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் சொன்னதால்தான் இன்னும் ஆறு மாதம் தருகிறேன் என்றாராம் பேராசிரியர். தட்டைப் பற்றிய அத்தியாயம் முழுதும் போனது. அந்த இடத்தில், பார்க்கிறவரின் கை பட்டால் இணைப்புகள் எப்படி மாறுகின்றன என்று ஓர் அத்தியாயம் வந்தது. மூன்றாவது சுற்றும் எண்ண வேண்டியிருந்தது. அக்கா பக்கங்களைத் திறந்தார். என்னை மோடம் இல்லாத மேசையில் உட்காரவைத்தார் மிஸ். தாள் ஒட்டுவதும், அக்கா சொல்லச் சொல்லக் குறி போடுவதும் என் வேலை. அது தண்டனை என்று அவர் சொல்லவில்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. ஆய்வேடு கடைசியில் தேறியது. அதில் ஒரு வரியில் நான் இருக்கிறேன், பெயரில்லாமல், 'ஓர் உதவியாளர்' என்று.

சமையல் பக்கம் அதற்கு முன்பே போய்விட்டது. நான் மன்னிப்பு எழுதிய இரண்டாம் வாரம் திறந்தபோது, பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. விருந்தினர் புத்தகமும் அதோடு போனது. நான் எழுதியதை அந்த அம்மா வாசித்தாரா, வாசித்த பிறகுதான் எடுத்தாரா, எனக்குத் தெரியாது. அவர் ஈமெயில் முகவரிக்கு ஒரு கடிதம் போட்டேன், மிஸ்ஸைக் கேட்டுக்கொண்டு. பதில் வரவில்லை.

மூன்றாவது சுற்றில் ஒருநாள் அக்கா கேட்டார்.

"மிஸ், அந்த நார்வே அம்மாவோட பக்கம் இல்ல. ஆனா ஏழு பேர் இன்னும் லிங்க்க எடுக்கல. அழுத்தினா ஒண்ணும் வரல. இல்லாத பக்கத்தக் காட்டுறத எண்ணணுமா?"

மிஸ் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் வந்தார். "எண்ணுங்க" என்றார். "வேற நிறத்தில."

மேசை இழுப்பறையில் ஒரு பென்சில் இருந்தது. அக்கா ஒவ்வொரு பக்கமாகச் சொன்னார். ஏழு கட்டத்திலும், என் சிவப்பு வட்டங்களுக்கு உள்ளே, பென்சிலால் குறி போட்டேன்.